முழங்காலுக்கு ஒரு தலையணை

தலையணையின் சரித்திரத்தை எழுத முற்பட்டவர்கள் பெரும்பாலும் தலையோடு நின்றுவிட்டார்கள். எகிப்தியப் பிரபுக்களின் கழுத்தைத் தாங்கிய மரக்கவையையும், சீனத்துச் சீமாட்டிகள் கன்னம் வைத்துறங்கிய பீங்கான் கட்டையையும், ஐரோப்பியச் செல்வர்கள் வாத்திறகு அடைத்துத் தைத்த மெத்தணையையும் வரிசையாகச் சொல்லி, இன்றைய பஞ்சுத் தலையணைக்கு வந்து கதையை முடித்துவிடுவது அவர்கள் வழக்கம். ஆனால் உறங்குகிற சரீரத்தில் ஆதாரம் வேண்டி நிற்பது தலை ஒன்றுதானா? ஒருக்களித்துப் படுத்தவனுடைய மேற்கால் முன்பக்கமாகச் சரிந்து விழுகிறது. அதன் பாரம் இடுப்பை முறுக்குகிறது. இடுப்பின் முறுக்கு முதுகெலும்பில் ஏறுகிறது. மேற்கையோ மார்பின் குறுக்கே தொங்கித் தோளை இழுக்கிறது. இந்தக் கைக்கும் காலுக்கும் ஓர் ஆதாரம் தேடிய முயற்சி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. அது வைத்திய சாஸ்திரத்தில் பிறந்ததன்று. புழுக்கம் மிகுந்த தேசங்களில், வியர்வை தாளாமல் புரண்டவர்களுடைய படுக்கையில் பிறந்தது.

தலையின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1922ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில், மன்னனுடைய மறுமைச் சயனத்துக்கென்று வைத்த தலைதாங்கிகள் பல இருந்தன. அவற்றுள் தந்தத்தால் செய்த ஒன்றில், காற்றின் தெய்வமாகிய ஷூ மண்டியிட்டு வளைந்த பலகையை இரு கைகளாலும் ஏந்தி நிற்க, இருபுறமும் சிங்கங்கள் படுத்திருக்கின்றன. தலையைத் தரையிலிருந்து உயர்த்திக் கழுத்தின் கீழே காற்றோட இடம் விட்ட ஒரு சாதனத்துக்குக் காற்றுத் தெய்வத்தையே தாங்குவோனாகச் செதுக்கியது மிகவும் பொருத்தமே. சீன தேசத்திலோ, சூயி வம்ச காலமாகிய 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பீங்கான் தலையணைகள் செய்யப்பட்டு, சோங் வம்ச காலத்தில் (960–1279) அந்தக் கலை உச்சத்தை அடைந்தது. சிஜோ சூளைகளில் வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புச் சித்திரம் தீட்டியவையும், திங் சூளையில் குப்புறப் படுத்த குழந்தையின் வடிவில் வார்த்தவையும் இன்று அருங்காட்சியகங்களை அலங்கரிக்கின்றன. கோடை இரவில் கன்னத்துக்குக் குளிர்ச்சி தருவது அவற்றின் குணம். அலங்கரித்த கூந்தலைக் கலையாமல் காப்பதும் அவற்றால் கிடைத்த லாபம். ஆனால் அவை எல்லாம் கழுத்துக்கு மேலே உள்ளதை மட்டுமே கவனித்தவை.

சயனத்தைக் கல்லில் வடித்த சிற்பிகள் சரீரம் முழுவதையும் கவனித்தார்கள். இலங்கையில் பொலன்னறுவைக் கல்விகாரையில், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட புத்தர் சிலை ஏறத்தாழ 14 மீட்டர் நீளத்துக்கு வலப்பக்கமாக ஒருக்களித்துக் கிடக்கிறது. வலக்கை தலையின் கீழே சென்றிருக்கிறது. இடக்கை உடலின் மேலே நெடுக நீட்டப்பட்டிருக்கிறது. தலைக்கு அடியில் இருப்பது உருளை வடிவமான ஒரு திண்டு. அந்தத் திண்டின் நடுவில், தலையின் பாரத்தால் உண்டாகும் மெல்லிய குழிவையும் சிற்பி கருங்கல்லிலே காட்டியிருக்கிறான். பாரத்துக்கு இணங்கிக் குழிந்து, குழிந்த இடத்தில் தாங்கி நிற்பதுதான் தலையணையின் தர்மம் என்பதைப் பஞ்சைக் கொண்டு அன்றி, இணங்கவே இணங்காத கல்லைக் கொண்டு விளக்கிய அந்தக் கைத்திறன் எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. ஆனால் அங்கும் திண்டு தலைக்குத்தான். கால் காலின் மேலேயே கிடக்கிறது.

கைகால்களுக்கென்று தனியே ஒரு சாதனத்தை வகுத்த பெருமை, ஏட்டில் பதிவான வரையில், சீனருக்கே உரியது. மூங்கிலைப் பிளந்து, சிராய் போகச் சீவி, இடைவெளி விட்டுப் பின்னிய நீண்ட குழல்வடிவக் கூடை அது. உள்ளே ஒன்றும் இல்லை. படுத்தவன் அதன்மேல் ஒரு கையைப் போட்டு, ஒரு காலைத் தூக்கி வைத்து, அணைத்தவாறு உறங்குவான். தோலோடு தோல் ஒட்டி வியர்க்கும் இடங்களாகிய அக்குளும் தொடையும் முழங்காலும் விலகி நிற்க, கூடையின் கண்கள் வழியே காற்று புகுந்து போகும். தாங் வம்ச காலத்திலேயே முழங்காலிடையே இடுக்கிக்கொள்ளும் மூங்கிற் சாதனமாக இது வழங்கியது என்பதற்கு, 9ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லூ குய்மெங் தம் நண்பருக்கு இதனை அனுப்பிவைத்துப் பாடிய கவிதையே சாட்சி. சோங் காலத்தில் இதற்கு ‘மூங்கில் மனைவி’ என்ற பெயர் நிலைத்தது. கவிஞர் ஹுவாங் திங்ஜியான் (1045–1105), கையை இளைப்பாற்றி முழங்காலை ஓய்வுறச் செய்கிற ஒரு பொருளுக்கு மனைவியின் ஸ்தானத்தைக் கொடுப்பது தகாது என்று ஆட்சேபித்து வேறு பெயர் சூட்டினார். அவரது பரிகாசத்தில் நமக்கு உபயோகமான பகுதி, அந்தச் சாதனம் செய்த இரண்டு தொழில்களை அவர் பிசகின்றிக் குறித்து வைத்ததுதான். அதே காலத்து ஜாங் லெய் என்பவர் அதற்கு ஒரு ஜீவிய சரித்திரமே எழுதினார்.

இந்த வழக்கம் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் பரவியது. கொரியாவில் கோரியோ அரசின் பிற்காலத்தில் வாழ்ந்த யி கோக் (1298–1351) மூங்கில் மனைவியைக் கதாநாயகியாக்கி ஓர் உருவகக் கதை இயற்றினார். தந்தை உபயோகித்த மூங்கில் அணையை மகன் தீண்டலாகாது என்ற ஆசாரமும் அங்கே இருந்தது. படுக்கைச் சாமான் ஒன்றுக்குக் குடும்ப மரியாதையின் விதிகளே பொருந்தும்படியாக அது இல்வாழ்வில் ஊன்றிவிட்டது. ஜப்பானியர் தங்கள் ஹைக்கூ மரபில் இதைக் கோடைப் பருவத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டனர்.

தெற்கே வரவர, அதே எண்ணம் வேறு பொருளில் உருக்கொண்டது. டச்சுக்காரர் 1619இல் படேவியா நகரை நிறுவி ஜாவாத் தீவில் வேரூன்றிய பிறகு, ஐரோப்பிய வழக்கமும் சீன வழக்கமும் தீவினரின் வழக்கமும் ஒரே வீட்டுக்குள் கலந்தன. அந்தக் கலப்பு வாழ்க்கையின் படுக்கையில் இடம்பெற்றது, ‘குலிங்’ என்று ஜாவாவில் வழங்கும் நீண்ட உருளைத் தலையணை. 19ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளுக்குச் சென்ற ஐரோப்பியப் பயணிகள், கொசுவலைக்குள்ளே போர்வை இன்றி, படுக்கையின் நடுவில் ஒரு முரட்டு உருளை மட்டும் நீளக் கிடப்பதைக் கண்டு, அதை என்ன செய்வதென்று புரியாமல் விழித்தது உண்டு. இரவெல்லாம் இறங்காத புழுக்கத்தில் போர்வைக்கு வேலை இல்லை. உருளைக்கோ வேலை நிறைய உண்டு என்பதை ஓரிரு இரவுகளில் அவர்கள் தாமே கற்றுக்கொண்டார்கள். 1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்டவர்களும், மலாய்க் கரையில் டச்சுக்காரரோடு வியாபாரத்தில் போட்டியிட்டவர்களுமாகிய ஆங்கிலேயர் இதை ‘டச்சு மனைவி’ என்று கேலியாக அழைத்தனர். கேலி செய்தவர்களும் தங்கள் பினாங்கு, சிங்கப்பூர் வீடுகளில் அதையே அணைத்துத்தான் உறங்கினார்கள். மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கும் வர்த்தகத்துக்கும் சென்ற தமிழர் குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் காலக்கிரமத்தில் படிந்தது. இன்றும் அங்குள்ள தமிழ் வீடுகளில் குழந்தைக்குத் தொட்டிலிலிருந்தே ஒரு சின்னஞ்சிறு உருளை துணையாகிவிடுகிறது. நம் நாட்டில் கடை முதலாளிகளும் சங்கீத வித்வான்களும் சாய்ந்துகொள்ளும் திண்டு உருவத்தில் இதனை ஒத்ததே. ஆயினும் திண்டு விழித்திருப்பவனுக்கு ஏற்பட்டது, குலிங் உறங்குபவனுக்கு ஏற்பட்டது.

மூங்கில் வெறுங்கூடாக இருந்து குளிர்ந்தது. குலிங் இலவம்பஞ்சால் நிறைந்தும் குளிர்ச்சி கெடாமல் இருந்தது. அதற்குக் காரணம் அந்தப் பஞ்சின் அமைப்பு. இலவ நார் ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிரம்பிய நுண்குழல். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் ஈரத்தை ஏற்பதில்லை. வழவழப்பும் குட்டையுமான அந்த நாரைத் தனியே நூலாக நூற்பது எளிதன்று. ஆகவே நெசவுக்கு உதவாத அந்தப் பண்டம் பெரும்பாலும் படுக்கைக்கே உரியதாயிற்று. நம் சங்கப் புலவர்கள் செந்நிறப் பூவோடு பாடிய இலவம் முள்ளிலவு என்னும் வேறு மரம். வெண்பஞ்சு தரும் இந்த இலவமோ வெப்பமண்டல அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வளர்வது. ஜாவாவில் அதைச் சாலையோரங்களிலும் வயல் வரப்புகளிலும் நட்டார்கள். நேராக உயர்ந்த மரங்கள் தந்திக் கம்பி தாங்கும் தூண்களாகவும் உபயோகப்பட்டன. முரியா மலையைச் சுற்றிய பாத்தி, ஜெபாரா வட்டாரங்களின் பஞ்சு உலகச் சந்தையில் தனி மதிப்புப் பெற்று, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு உலகத்தின் இலவம்பஞ்சில் மிகப் பெரும்பகுதி ஜாவாவிலிருந்தே போயிற்று. நீரில் மிதக்கும் குணத்தால் அது கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளிலும் புகுந்தது. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவில் அங்கிக்குப் பஞ்சு இல்லாமல் போகவே, காட்டில் வளரும் எருக்கினச் செடியின் காய்களைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு மூட்டை மூட்டையாகச் சேகரிக்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் இலவம்பஞ்சு என்றதும் நினைவுக்கு வருவது போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலக்காய்க்குப் பெயர்போன அந்த ஊரும் அதைச் சூழ்ந்த வட்டாரமும் மெத்தை, தலையணைத் தொழிலுக்கும் நிலைக்களமாக விளங்குகின்றன. கோடையில் முற்றிய காயைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, ஓட்டை உடைத்து நீக்கி, கோலால் அடித்து விதையைப் பிரித்தால், கனமான விதை கீழே தங்கும். பஞ்சு மேலே எழும்பும். காற்றில் பறந்து மூக்கிலும் கண்ணிலும் புகும் அந்தத் தூசிக்கு அஞ்சி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு இவ்வேலையைச் செய்கிறவர்களில் பெண்கள் பலர். இலவு காத்த கிளியின் ஏமாற்றத்தைப் பழமொழியாக்கிய நம் முன்னோர், கிளிக்கு ஆகாத அந்தக் காயைத் தங்கள் தலைமாட்டுக்கு ஆக்கிக்கொள்ளத் தவறவில்லை. நாளடைவில் நார் நொறுங்கிப் பொடியாவது இப்பஞ்சின் குறை. அழுந்தி மட்டமான தலையணை ஒருநாள் வெயிலில் கிடந்தால் மறுபடி உப்பிக்கொள்வது இதன் நிறை.

வைத்திய சாஸ்திரம் இந்த விஷயத்தில் பிற்பாடு வந்து சேர்ந்தது. 1859இல் வெளியான தம் நூலில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளியின் தலைக்குப் பின்னே தலையணைகளைச் சுவர்போல அடுக்கும் வழக்கத்தைக் கண்டித்தார். அவ்வாறு அடுக்கினால் தலை முன்னே தள்ளப்பட்டு, தோள் குறுகி, மூச்சு திணறும். ஆகையால் முதலில் முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்கி, தோள்கள் பின்னே விரிய இடம் விட்டு, பிறகே தலைக்கு ஆதாரம் தரவேண்டும் என்பது அவர் காட்டிய முறை. தலையணையைக் கட்டிலின் அலங்காரமாக எண்ணாமல் சரீரத்தின் பாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவியாக எண்ணிய தெளிவு அதில் தெரிகிறது. பிறகு, வயிற்றறையில் சீழ் கட்டியவர்களை மேலுடல் உயர்த்திச் சாய்த்து வைக்கும் நிலையை அமெரிக்க அறுவை வைத்தியர் ஜார்ஜ் பௌலர் 1900ஆம் ஆண்டளவில் பரவச் செய்தார். படுத்த படுக்கையான நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, முதுகுக்குப் பின்னும் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை செருகிப் படுக்கைப் புண்ணைத் தடுப்பது மருத்துவமனைத் தாதியர் கைப்பழக்கமாயிற்று. நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையை அழுத்தும். ஆகவே பக்கவாட்டில், முக்கியமாக இடப்பக்கத்தில், ஒருக்களித்துப் படுக்கும்படி அவளுக்குச் சொல்லப்படுகிறது. அப்படிப் படுக்கிறவளுடைய வயிற்றுக்கும் மேற்காலுக்கும் ஆதாரம் கொடுக்கப் போனபோது, வைத்தியர் கைக்கு வந்து சேர்ந்தது அணைத்துறங்கும் அந்தப் பழைய உருளைதான். வியர்வைக்காகக் காலை விலக்கி வைத்தார்கள் முன்னோர். விலகிய கால் இடுப்பின் மட்டத்துக்கு உயர்ந்து நின்றபோது முதுகின் முறுக்கும் தீர்ந்தது. காற்றைத் தேடிப் போனவர்கள் அறியாமலே பாரத்துக்கும் வழி கண்டிருந்தார்கள்.

இன்று கடைகளில் விற்பனைக்கு வருகிற சரீர அணைகள் பல வடிவின. லாடம்போல வளைந்து உடலின் இருபுறமும் ஓடுவது ஒன்று. ஒருபக்கம் மட்டும் வளைந்து தலையையும் முழங்காலையும் ஒரே துண்டால் தாங்குவது மற்றொன்று. அடைப்பதற்குச் செயற்கை இழையும், 1966இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்காக ஆசனத் திண்டாகக் கண்டுபிடிக்கப்பட்டு, அழுத்தியவனின் உருவத்தைச் சிறிது நேரம் தாங்கி நிற்கும் நுரையும் வந்துவிட்டன. அந்த நுரை பாரத்தை மிக நேர்த்தியாகப் பங்கிடுகிறது. ஆனால் உஷ்ணத்தைத் தன்னுள்ளே தேக்கிக்கொள்கிறது. அதைத் தணிக்க நுரையில் துளையிடுவதும், குளிர்ச்சி தரும் பசையைச் சேர்ப்பதும், மூங்கில் நாரிலிருந்து எடுத்த துணியால் உறை தைப்பதுமாக இன்றைய உற்பத்தியாளர்கள் படும் பாட்டைப் பார்த்தால், மூங்கிற் கூடை தொடக்கத்திலேயே தீர்த்துவைத்த பிரச்னையை அவர்கள் புதிதாக உண்டாக்கிக்கொண்டு புதிதாகத் தீர்க்கிறார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

வடிவத்தைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் சொல்லலாம். ஒரே துண்டு எல்லா நிலைக்கும் உதவவேண்டும் என்ற ஆசையால் பெரிதாக வளைத்துத் தைத்த அணை, உறங்குபவன் புரளும்போது அவனோடு புரளுவதில்லை. அவன்தான் அதற்குள் அடங்கிப் படுக்கவேண்டியிருக்கிறது. தலைக்கு ஒன்று, அணைப்பதற்கு ஒன்று என்று தனித்தனியே வைத்துக்கொண்ட ஜாவா வீட்டாரோ, இடம் மாறும்போது காலால் உருட்டியும் கையால் இழுத்தும் வேண்டிய இடத்துக்கு ஆதாரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆகவே புதிய அணை ஒன்றை வகுக்க நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: காற்று புகுமா, பாரத்தைத் தாங்குமா, அரைத்தூக்கத்தில் ஒரு காலால் அதைத் தள்ள முடியுமா? முதல் இரண்டுக்கும் இன்றைய தொழிற்சாலைகள் எப்படியாவது விடை கண்டுவிடுகின்றன. மூன்றாவது கேள்வியை அவை இன்னும் சரியாகக் கேட்கவே தொடங்கவில்லை.