தைத்து ஒட்டும் கடல் கயாக்: தொகுப்பிலிருந்து படகு கட்டும் முறை

1. ஆய்வுப் பொருள்

வெட்டித் தயாராக வரும் பலகைத் தொகுப்பை வாங்கி வீட்டிலேயே கடல் கயாக் கட்டுவதற்குத் தச்சுத் திறன் வேண்டியதில்லை என்பார்கள். இது பாதி உண்மை. அளந்து அறுக்கும் வேலையைத் தொகுப்பு முடித்துத் தந்துவிடுகிறது. கோணல் பார்க்கும் கண்ணும் பிசினின் இயல்பு அறிந்த கையும் கட்டுபவரிடம் இருந்தாக வேண்டும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தோற்றம்

கிரீன்லாந்து இனுயிட் மக்களின் கயாக், சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோல் போர்த்தியது. ஒட்டுப்பலகையைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறை பிரிட்டனில் பரவியது பிற்காலத்தில். ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் 1962இல் வடிவமைத்த ‘மிரர்’ பாய்ப்படகு இம்முறையை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. 70,000க்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டன. அமெரிக்காவின் ‘செசபீக் 17’ போன்ற கயாக் தொகுப்புகளும் இவ்வழியில் வந்தவையே.

3. வடிவம்

3.1 விளிம்பு: இத்தகைய கயாக்குகளுக்கு 4 மி.மீ. கனமுள்ள ஒக்குமே மர ஒட்டுப்பலகை பெரிதும் பயன்படுகிறது. பலகையின் நீளம் 8 அடி, செசபீக் 17 போன்ற படகின் நீளமோ 17 அடி. ஆகவே துண்டுகளை முனையோடு முனை ஒட்டி நீட்டுகிறார்கள். தட்டைப் பலகை ஒரு திசையில் மட்டுமே இணக்கமாக வளையும். வெவ்வேறு வளைவில் வெட்டிய இரு விளிம்புகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டினால், பலகை தானே வளைந்து படகின் உடலாகிறது.

3.2 முறுக்கு: படகின் இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு குச்சி வைத்து, ஒன்றன்வழி மற்றதைப் பார்க்க வேண்டும். அவை இணையாகத் தெரியாவிட்டால் உடல் முறுகியிருக்கிறது. அப்படகு நேராக ஓடாது. கம்பியைத் தளர்த்தி இறுக்கினால் முறுக்கு எடுபடும். பிசின் இறுகியபின் எடுபடாது.

4. இணைப்பு

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகில் கயிற்றுத் தையலே பலகைகளைப் பிடித்திருக்கும். அலை மோதும்போது உடல் நெகிழ்ந்து கொடுக்கும். கயாக்கின் செப்புக் கம்பியோ தற்காலிகப் பிடிதான். மரத்தூள் குழைத்த எபாக்சிப் பிசினை உள்மூலையில் பூசி, அதன்மேல் கண்ணாடி இழை நாடா பதித்தபின் கம்பியை உருவிவிடலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று, பிசினை இறுக வைக்கும் கடினமாக்கியைக் கூடுதலாகச் சேர்ப்பது தவறு. விகிதம் பிசகினால் பிசின் முழுமையாக இறுகாது. கலந்த பிசினைக் குவளையிலேயே வைத்திருந்தால் சூடேறிக் கெட்டியாகிவிடும். எனவே கொஞ்சங்கொஞ்சமாகக் கலப்பதே முறை. தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம் என்பதால் கையுறை கட்டாயம்.

5. உறை

வெளிப்புறத்தில் கண்ணாடி இழைத் துணியைப் பரப்பி எபாக்சியில் நனைத்தால் துணி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, மரத்தின் ரேகை தெரிகிறது. ஆனால் எபாக்சி வெயிலில் சிதையும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் பூசுவது முதலில் பாதுகாப்புக்கு, அப்புறம்தான் அழகுக்கு.

6. முடிவு

தொகுப்பு நீக்குவது அளவுப் பிழையை. அவசரத்தால் வரும் பிழையை அன்று. திருத்தக்கூடிய கட்டம் கம்பியோடு முடிகிறது. கட்டுபவர் தம் நேரத்தை மிகுதியாகச் செலவிட வேண்டியது பிசின் கலப்பதற்கு முந்தைய சரிபார்ப்பிலேயே.