நோய்க்கே நோய் வருமா சார்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பழைய கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986-ம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் தாவர நோய்கள் பாடம். நெல்லில் குலைநோயை உண்டாக்குவது ஒரு பூஞ்சை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், பயிருக்குப் பூஞ்சையால நோய் வருது. அந்தப் பூஞ்சைக்கு நோய் வருமா சார்?" என்றான். "அதுவே நோய்டா, நோய்க்கு எங்கடா நோய் வரும்? உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, சரியாகக் கேட்டவன் அவன்; தவறாகச் சொன்னவன் நான். பூஞ்சைக்கு நோய் வரும். அதன் உடலுக்குள்ளும் வைரஸ் புகும். இங்கிலாந்தில் ஹாலிங்ஸ் என்ற ஆய்வாளர், நோயுற்ற மொட்டுக் காளான்களில் வைரஸ் துகள்களைக் கண்டு எழுதியது 1962-ல். நான் அவனை உட்காரச் சொன்னபோது அந்த விடைக்கு 24 வயது.

காளான் வளர்ப்பவருக்கு அந்த வைரஸ் நஷ்டம். ஆனால் வேறொரு பூஞ்சையின் வைரஸ் ஒரு கண்டத்தின் காடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலைகளில் செஸ்ட்நட் மரங்கள் ஏராளமாக இருந்தன. அங்குள்ள ஏழை எளிய மக்களுக்கு அதன் கொட்டை உணவு, பன்றிக்கும் அதுவே தீனி. மரம் வீட்டுக்கும் வேலிக்கும் ஆனது, பட்டை தோல் பதனிட உதவியது. 1904-ல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குப் பூங்காவின் வனப் பொறுப்பாளர் ஹெர்மன் மெர்கெல், அங்கிருந்த செஸ்ட்நட் மரங்கள் காய்ந்து சாவதைக் கவனித்தார். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை அது. பட்டையில் உள்ள சிறு காயத்தின் வழியே நுழைந்து, உள்தோலை அரித்துக்கொண்டே மரத்தைச் சுற்றி வளைத்துவிடும். அதற்கு மேலே உள்ள பகுதி முழுக்கக் காய்ந்துபோகும்.

பென்சில்வேனியா மாநிலம் 1911-ல் தனி ஆணையமே அமைத்துப் போராடியது. பலிக்கவில்லை, 1913-ல் அதை மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். 1938-ல் இத்தாலியில் ஜெனோவா பக்கம் அதே பூஞ்சை தென்பட்டது. ஐரோப்பாவின் கதையும் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் 1950-ஐ ஒட்டி, அன்டோனியோ பிராகி என்ற இத்தாலிய ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். சில மரங்களில் நோய் இருந்தது, மரம் சாகவில்லை. புண்கள் தாமாக ஆறிக்கொண்டிருந்தன. பிறகு பிரான்சைச் சேர்ந்த ஜான் கிரான்த் அந்த ஆறிய புண்களிலிருந்து பூஞ்சையை எடுத்து வளர்த்தார். வழக்கமாக ஆரஞ்சு நிறத்தில் வளரும் பூஞ்சை இங்கே வெள்ளையாக, சோர்ந்து வளர்ந்தது. இந்தச் சோனிப் பூஞ்சையை வீரியமுள்ள பூஞ்சையோடு சேர்த்தால் அதுவும் சோனியானது! தோட்டங்களில் புண்ணின் ஓரத்தில் துளையிட்டு இதைத் தடவினார்கள், புண் ஆறியது. நோயையே மருந்தாகப் பூசிய வைத்தியம் இது.

காரணம் ஒரு வைரஸ். 1977-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோனிப் பூஞ்சைக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். 1992-ல் சோய், நஸ் என்ற இருவர் அந்த வைரஸின் நகலைச் செய்து ஆரோக்கியமான பூஞ்சைக்குள் செலுத்த, அதுவும் சோனியானது. சந்தேகம் தீர்ந்தது.

அப்படியானால் அமெரிக்க மரங்கள் ஏன் பிழைக்கவில்லை? 1972-லேயே ஐரோப்பியச் சோனிப் பூஞ்சையை கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோனார்கள். சோதனையில் தனிப் புண்கள் ஆறின. ஆனால் காட்டில் அது பரவவில்லை.

இந்த வைரஸுக்குத் தெருவில் நடக்கத் தெரியாது. காற்றிலோ நீரிலோ தனியாகப் போகாது. இரண்டு பூஞ்சைகளின் இழைகள் தொட்டு ஒன்றாக இணைந்தால் அந்த வழியே பாயும். பங்காளி வீடுகளுக்கு நடுவே கொல்லைப்புறக் கதவு இருக்குமே, அதுபோல. ஒரே வகைப் பூஞ்சைகள் இணையும். வேறு வகையைத் தொட்டால் தொட்ட செல்கள் செத்து, கதவு அடைபட்டுவிடும். ஐரோப்பாவின் பல பகுதிகளில் பூஞ்சையின் வகைகள் கொஞ்சம்தான், அதனால் வைரஸ் வீடு வீடாகப் போனது. அமெரிக்காவில் வகைகள் மிக அதிகம், பெரும்பாலான கதவுகள் சாத்தியே இருந்தன.

இன்றும் அந்த மலைகளில் பழைய வேர்கள் உயிரோடு இருக்கின்றன. மண்ணுக்குள் இந்தப் பூஞ்சையின் ஆட்டம் செல்லாது. வேரிலிருந்து துளிர் விடும், சில வருடம் வளரும், மறுபடி நோய் வந்து காயும், மறுபடி துளிர்க்கும்.

பிராகி செத்த மரங்களை மட்டும் எண்ணிக்கொண்டு போயிருந்தால் இந்த மருந்து கிடைத்திருக்காது. சாகாத மரத்தின் முன்னால் நின்று "நீ ஏன் சாகவில்லை?" என்று கேட்டார். என் வகுப்பில் கேட்கப்பட்டதும் அப்படிப்பட்ட கேள்விதான். எனக்குத் தெரியாவிட்டால் "தெரியலப்பா, படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தப் பையனின் பெயர் இன்னும் நினைவிருக்கிறது; பொதுவில் எழுத மாட்டேன். இப்போது அவனுக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். தம்பி, நீ இதைப் படித்தால், வரும்ப்பா. பூஞ்சைக்கும் நோய் வரும். நீ கேட்டது நல்ல கேள்வி. அன்று நான் சிரித்திருக்கக் கூடாது.