திக்குவாயும் மௌனப்படமும்

ஹெரால்ட் லாயிடின் 'கேர்ள் ஷை' (1924) பற்றி எழுதுகிறவர்கள் அதன் கடைசித் துரத்தலோடு நின்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே மணமான ஒருவனுக்குக் காதலி வாழ்க்கைப்படுவதைத் தடுக்கக் கார், மோட்டார் சைக்கிள், டிராம், குதிரைவண்டி என்று நாயகன் மாறிமாறி ஓடுவது அபாரம்தான். ஆனால் படத்தின் சாரம் அங்கில்லை என்று எனக்குப் படுகிறது.

சிற்றூர்த் தையற்கடையில் மாமாவிடம் வேலை கற்கும் ஹெரால்டுக்குப் பெண்கள் எதிரில் வாய் திக்கும். விசில் சத்தம் கேட்டால்தான் சொல் பிறக்கும். இவன்தான் இரவில் உட்கார்ந்து, பெண்களை வெல்வது எப்படி என்று கைநூல் எழுதுகிறான். மௌனப்படத்தில் திக்குவாய்! ஒலி இல்லாததால் குறை தொண்டையின், உதட்டின் வேதனையாக மட்டும் நம்மை எட்டுகிறது. பேசும்படத்தில் இது வெறும் மிமிக்ரியாகச் சரிந்திருக்கும்.

லாயிட் 1923-ல் ஹால் ரோச்சிடமிருந்து பிரிந்து சொந்தக் கம்பெனி தொடங்கி எடுத்த முதல் படம் இது. ரோச்சிடம் இருந்தபோது நடித்த 'க்ராண்ட்மாஸ் பாய்' (1922) படத்தில் கோழைப் பேரனுக்குப் பாட்டி தாயத்து ஒன்று தருகிறாள். அவன் வெல்கிறான். பிறகு தெரிகிறது, அது வெறும் குடைப்பிடி. பிரான்சின் எமில் கூயே 1923-ல் அமெரிக்கா வந்து தன்னம்பிக்கையை மந்திரம்போல் உருப்போடச் சொன்ன காலம் அது. 'கேர்ள் ஷை' அந்தத் தாயத்தைக் கைவிடுகிறது. திக்கு கடைசிவரை தீருவதில்லை. கல்யாண வீட்டை அடைந்தும் வாய் எழாமல், பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். பின்பு அவளிடம் சம்மதம் கேட்கவும் ஒரு விசில் வேண்டியிருக்கிறது. 1919 விபத்தில் வலதுகையின் இரு விரல்களை இழந்து, அதை உறையால் மறைத்தே நடித்தவர் லாயிட் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

படத்தின் உண்மையான புண் நடுவில் இருக்கிறது. பதிப்பகத்தில் அவனுடைய புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பணமில்லாதவனுக்குக் கல்யாணம் ஏது என்று, காதலியிடம் நீயும் என் ஆராய்ச்சிக்கு ஒரு அத்தியாயம்தான் என்று பொய் சொல்லி விலகுகிறான். பிறகு 3,000 டாலர் செக் வருகிறது. நெஞ்சறிய எழுதியது ஒரு மடையனின் டைரியாக, ஹாஸ்யமாக அச்சாகப்போகிறது. முதலில் கோபம், அடுத்த கணம், இனி அவளை மணக்கலாம் என்ற நினைப்பு.

பகலெல்லாம் பிறர் செக்குகளைப் பாஸ் செய்கிற எனக்கு இங்கே சிரிப்பு பாதியில் நின்றது. கல்லூரியில் நான் கட்டுரை வாசித்தபோது வகுப்பு சிரித்தது. பத்து வருஷம் மேடை ஏறவில்லை. இந்தக் காட்சியைச் சந்தைக்குச் சரணாகதி என்றே முன்பு நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. செக் அவனுக்குக் கல்யாணத் தகுதியைத் தருகிறது, தைரியத்தைத் தரவில்லை. சிரிக்கப்பட்டவன், சிரிக்கப்பட்டவனாகவே, திக்கும் வாயோடு ஓடுகிறான். அதுதான் தைரியம். நான் பத்து வருஷம் காத்திருந்தது விசிலுக்காக.