சொல்லாமை காக்கும் மலை: தேவா மும்மலைத் திருத்தலம்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹோன்ஷுவின் வடபுலத்தில், யாமகத்தா மாநிலத்தில், மூன்று மலைகள் ஒரே திருத்தலமாகப் போற்றப்பெறுகின்றன. 414 மீட்டர் உயரமுடைய ஹகுரோ, 1,984 மீட்டர் உயரமுடைய கஸ்ஸான், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுடைய யுதோனோ என்பன அவை. பண்டைய தேவா நாட்டில் அமைந்தமையால் இவற்றைத் 'தேவா மும்மலை' என்பர். இம்மலைகளின் வரலாறு ஒரு வழிபாட்டிடத்தின் வரலாறு மட்டுமன்று. ஆயிரம் ஆண்டுகள் ஒன்றாய் வாழ்ந்த இரு சமயங்கள் அரசாணையொன்றால் பிரிக்கப்பட்ட கதையும், அம்மலையில் ஒரு கவிஞன் சொல்லாது விட்டதன் கதையும் அதனுள் அடங்கும்.

மலையின் தோற்றக் கதை அரண்மனைக் கொலையொன்றில் தொடங்குகிறது. கி.பி. 592இல் பேரரசர் சுஷுன் கொல்லப்பட்டார். அவர் மைந்தர் ஹாச்சிக்கோ தலைநகரை விட்டுத் தப்பி, வடதிசைக் கடலோரம் வந்து சேர்ந்தார் என்றும், மூன்று கால்களையுடைய காகம் ஒன்று அவருக்கு வழிகாட்டி ஹகுரோ மலைக்கு அழைத்துச் சென்றது என்றும் தலபுராணம் கூறும். அரியணை இழந்த இளவரசர் துறவியாகித் தலம் கண்டார் என்பது மரபு. அவர் வழிவந்தோராகத் தம்மைக் கருதும் மலைத்துறவியர் 'யாமபூஷி' எனப்படுவர். மலையில் கிடப்போர் என்பது அச்சொல்லின் பொருள். வெண்ணிற ஆடை உடுத்துச் சங்கு ஊதி மலையேறும் இவர்களுடைய நெறி 'ஷுகெந்தோ' என வழங்கும். மலை இவர்களுக்குத் தாயின் கருப்பை. அதனுள் புகுந்து, இறந்து, மீண்டும் பிறந்து வெளிவருவதே தவம்.

இந்நெறியில் ஷிந்தோவும் பௌத்தமும் வேறுவேறாக இருக்கவில்லை. 'காமி' எனப்படும் மலைத்தெய்வங்கள் புத்தர்களும் போதிசத்துவர்களும் மக்களுக்கு இரங்கி எடுத்த உருவங்களே என்பது இடைக்கால ஜப்பானியர் கொள்கை. கஸ்ஸானின் நிலவுத் தெய்வம் அமிதாப புத்தராகவும், யுதோனோவின் தெய்வம் வைரோசனராகவும், ஹகுரோவின் தெய்வம் அவலோகிதராகவும் வணங்கப்பெற்றனர். இவ்விடத்தில் தமிழ் நெஞ்சம் சற்றே நின்று நோக்குதல் இயல்பு. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்னும் மரபை வீரசோழியப் பாயிரம் பதிவு செய்கிறது. அவலோகிதரின் உறைவிடமாகிய போதலகம் நம் பொதியமே என்று ஷு ஹிகோசாக்கா என்னும் ஜப்பானிய அறிஞர் வாதிட்டுள்ளார். ஆய்வாளர் அனைவரும் இதனை ஏற்பர் எனல் இயலாது. ஆயினும் ஹகுரோவின் தெய்வம் தமிழர்க்கு முற்றிலும் அயலாரல்லர்.

மலையேறும் வழி

ஹகுரோவின் அடிவாரத்தில் தோரி எனப்படும் வாயிலைக் கடந்ததும் பாதை முதலில் கீழிறங்குகிறது. ஓர் ஓடைமீது அமைந்த செந்நிறப் பாலம் குறுக்கிட, அதன்பின் மரக்கூட்டத்தினிடையே ஐந்தடுக்குக் கோபுரம் தோன்றுகிறது. ஏறத்தாழ 29 மீட்டர் உயரமுடைய இக்கோபுரத்தின் மரத்திற்கு வண்ணமே பூசப்படவில்லை. ஏறக்குறைய 1372இல் எழுப்பப்பெற்ற இது, அருகில் நிற்கும் மரங்களுள் தானும் ஒன்றோ என மயங்கவைக்கும். அடிவார வாயிலிலிருந்து உச்சிவரை 2,446 கற்படிகள். இருமருங்கிலும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட முதிய ஸுகி மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. தேவதாரு போன்று நெடிதுயரும் இம்மரங்களின் நிழலில், நண்பகலிலும் படிகளில் ஈரம் உலர்வதில்லை.

இப்படிகளை 1648 முதல் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து அமைத்தவர், தலத்தின் ஐம்பதாம் தலைவராகிய தென்யூ. மரங்களை நட்ட பெருமையும் அவருக்கே உரியது என்பர். எனினும், பூசல்களில் சிக்குண்ட அவர் 1668இல் இசுத் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டு, மலையை மீண்டும் காணாமலே அங்கு மறைந்தார். வழி சமைத்தவர் அவ்வழியே திரும்பி வரவில்லை.

உச்சியில் மும்மலைத் தெய்வங்களுக்கும் பொதுவான பெருங்கோயில் உள்ளது. கஸ்ஸானும் யுதோனோவும் பனியால் மூடுண்டு கிடக்கும் மாதங்களிலும் வழிபாடு தடைபடாதிருக்க மூவரும் இங்கு ஒருங்கே எழுந்தருளியுள்ளனர். 1818இல் கட்டிய இக்கோயிலின் கூரை வேய்ந்த புல்லே இரண்டு மீட்டருக்கு மேல் தடிப்புடையது. முன்னே 'கண்ணாடிக் குளம்'. அதனடியிலிருந்து பழங்காலச் செப்புக் கண்ணாடிகள் பல எடுக்கப்பட்டன. அவற்றுள் 190 நாட்டின் அரும்பொருள்களாகக் காக்கப்பெறுகின்றன. யார் யாரோ தம் முகம் பார்த்த கண்ணாடிகளைத் தெய்வத்திற்கென நீரில் இட்டுச் சென்றனர்.

கவிஞன் வந்த கோடை

1689ஆம் ஆண்டுக் கோடையில், பழைய சந்திர நாட்காட்டியின் ஆறாம் திங்கள் மூன்றாம் நாள், மாட்சுவோ பாஷோ (1644–1694) தம் மாணவர் சோராவுடன் ஹகுரோவை அடைந்தார். மலையின் பொறுப்பாளராயிருந்த எகாகு அவரை வரவேற்று, மினமிதானி என்னும் மலையிடுக்கில் இருந்த மடத்தில் தங்கவைத்தார். அங்கே கவிஞர்கள் கூடித் தொடர்பாட்டு இயற்றினர். பின்னர் முகிலுக்கும் பனிக்கும் இடையே ஏறிக் கஸ்ஸான் உச்சியில் இரவைக் கழித்து, மறுநாள் யுதோனோவுக்கு இறங்கினார் பாஷோ.

இவ்வேற்றம் நிகழ்ந்த நாள் எது? பாஷோவின் பயணநூல் எட்டாம் நாள் என்கிறது. 1943இல் அச்சேறிய சோராவின் நாட்குறிப்போ ஆறாம் நாள் என்று காட்டுகிறது. மாணவர் நாளை எழுதினார். ஆசான் நூலை எழுதினார். வரலாற்றாசிரியர் சோராவை நம்புவர். ஆயினும் மலை இன்று உலகோர் உள்ளத்தில் நிற்பது பாஷோவால்தான். இவ்விரு உண்மைகளுள் எதையும் கைவிடுதல் இயலாது.

யுதோனோவில் கோயிற் கட்டடமே இல்லை. வெந்நீர் ஊறி வழியும் செம்பழுப்புப் பாறையே அங்குத் தெய்வம். அடியார் காலணி களைந்து, தூய்மைச் சடங்கு பெற்று, வெறுங்காலுடன் அப்பாறையை அணுகுவர். அங்குக் கண்டதைச் சொல்லலாகாது, கேட்கவும் ஆகாது என்பது தொன்றுதொட்ட விதி. பாஷோ அவ்விதியைப் போற்றினார். தம் உரைநடையை அவ்விடத்தில் நிறுத்திக்கொண்டார். எகாகு வேண்ட, மலைக்கொன்றாக மூன்று பாக்களைச் சிறுதாள்களில் எழுதித் தந்தார். யுதோனோவைப் பற்றிய பாடல், கண்டதைக் கூறாது, கண்டவனின் கண்ணீரை மட்டும் குறிப்பால் உணர்த்துகிறது. நாடுகடத்தப்பட்டு மறைந்த தென்யூவுக்கும் ஓர் இரங்கலுரையும் பாவும் இயற்றினார். மலையின் தெய்வத்தைப் பற்றி வாய்மூடிய கவிஞர், மலையின் மனிதனுக்காக வாய் திறந்தார்.

பிரிவினை ஆணை

1868இல் மெய்ஜி அரசு காமியையும் புத்தரையும் பிரிக்குமாறு ஆணையிட்டது. புத்த உருவங்களைத் தெய்வமாக வைத்தலும், பௌத்தம் தழுவிய பெயர்களால் காமியை அழைத்தலும் தடைப்பட்டன. 1872இல் ஷுகெந்தோவே ஒழிக்கப்பட்டது. புனித மலைகளில் பெண்கள் ஏறுவதற்கிருந்த தடையை நீக்கியதும் அதே ஆண்டின் அரசாணைதான். ஒரு கதவைத் திறந்த கை மற்றொரு கதவை அடைத்தது.

1873இல் அரசு அனுப்பிய புதிய தலைமைப் பூசகர் ஹகுரோவில் ஆணையைக் கடுமையாக நிறைவேற்றினார். பௌத்த மண்டபங்கள் பல இடிக்கப்பட்டன. உருவங்கள் அகற்றப்பட்டன. ஐந்தடுக்குக் கோபுரம் மட்டும் புத்தரை இழந்து, ஷிந்தோத் தெய்வத்தின் இருப்பிடமாகிப் பிழைத்தது. உச்சிக் கோயிலின் அருகே 1275இல் வார்த்த பௌத்தப் பெருமணியும் எஞ்சியது.

எனினும் மரபு முற்றும் அழியவில்லை. அடிவாரத்துச் சிற்றூராகிய தோகேயில் ஷோஸென்-இன் என்னும் பௌத்தக் கோயில், துறவியரின் இலையுதிர்காலத் தவத்தைத் தொடர்ந்து காத்தது. மலைக்கோயிலும் அதே தவத்தை ஷிந்தோ முறையில் நடத்திவருகிறது. அடியார் ஒருவர் திரட்டிக் காத்த புத்த உருவங்கள் பல, ஒரு நூற்றாண்டு கழிந்தபின் மலைக்கே மீண்டன.

பாஷோ தங்கிய மினமிதானியில் இன்று அடித்தளக் கற்களும் ஒரு குளமும் மட்டுமே உள்ளன. கட்டியவை காலத்தாலும் ஆணையாலும் சிதைந்தன. பதினேழு அசைப் பாக்கள் மூன்றும் சிதையவில்லை. அம்மூன்றனுள்ளும் யுதோனோப் பாடலே சிந்தனைக்குரியது. எல்லாவற்றையும் பெயரிட்டு, வகுத்து, இது காமி, இது புத்தர் எனச் சொல்லுமாறு அரசு கட்டளையிட்டது. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கவிஞன் அப்பாறையின் முன் நின்று, பெயரிடாது வணங்கித் திரும்பினான். வகுக்கப்பட்டவை பிளவுண்டன. சொல்லப்படாதது இன்றும் முழுமையாய் இருக்கிறது.