வட்டுக்கோட்டையில் வளர்ந்த வாதக் கலை

சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரத்தில், கம்போங் பாருவை அடுத்து, ஸ்பூனர் சாலை என்றொரு சிறு சாலை உண்டு. 2011 ஜூலை முதல் நாள் இரயில்வே நிலங்கள் சிங்கப்பூர் அரசிடம் வந்து சேரும் வரையில், மலாயா இரயில்வே ஊழியரின் குடியிருப்புகள் அங்கே நெடுங்காலம் இருந்தன. சாலைக்குப் பெயர் தந்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர், இலங்கை மராமத்துத் துறையில் பணியாற்றியபின் மலாயாவுக்கு வந்து, கூட்டு மலாய் நாடுகளின் இரயில்வேக்குத் தலைமை மேலாளராக விளங்கியவர். அவர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இந்நாட்டுக்கு அழைக்கப்பட்டனர்.

அவர்கள் ஏன் அழைக்கப்பட்டனர் என்று கேட்டால், ஆங்கிலமும் கணக்கும் கற்றிருந்தமையால் என்பது எளிய விடை. அக்கல்வி அங்கே வேரூன்றிய வரலாற்றை ஆராய்வோர் வட்டுக்கோட்டை என்னும் ஊருக்கே சென்று சேர்வர். ஆனால் வட்டுக்கோட்டைக் கலாசாலை எழுத்து வேலைக்கு ஆள் பழக்கிய இடம் மட்டுமன்று. ஒரு கூற்றை ஏற்குமுன் அதன் காரணத்தை எடைபோடும் கலையைத் தமிழ் மாணவர்க்குப் பாடமாக வைத்த இடமும் அதுவே. அப்பாடத்தின் விளைவு, அதனை வைத்தவர் எண்ணிய வழியில் மட்டும் செல்லவில்லை. அதுவே இவ்வரலாற்றில் நாம் கருதற்குரிய செய்தியாகும்.

கலாசாலையின் தோற்றம்

அமெரிக்கச் சமயத் தொண்டர் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்நிலைக் கலாசாலை ஒன்றை நிறுவினர். டேனியல் பூவர் அதன் முதல் தலைவரானார். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், இயற்கை நூல், அளவை நூல் என்று அதன் பாடத்திட்டம் விரிந்திருந்தது. தமிழ் இலக்கண இலக்கியங்களும் புறக்கணிக்கப்படவில்லை.

பாடத்திட்டத்தின் நோக்கம் மறைபொருளன்று. மாணவர் ஆராயக் கற்றால் தம் முன்னோர் சமயத்தைக் கைவிட்டுக் கிறித்தவராவர் என்று நிறுவியவர்கள் நம்பினர். 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் இந்நம்பிக்கைக்கு ஒரு சான்று. பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் குறித்த நேரமும் பூவர் கணித்த நேரமும் வேறுபட்டன. கிரகணம் நிகழ்ந்தபோது பூவரின் கணக்கே பொருந்தியது. பஞ்சாங்கம் பிழைபட்டதாயின் புராணமும் பிழைபட்டதே என்பது பூவர் மாணவர்முன் வைத்த வாதத்தின் போக்கு.

இங்கே சிறிது நின்று நோக்குவோம். கணக்கில் பிழை உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கணக்கின் பிழையினின்று ஒரு சமயத்தின் பிழைக்குச் செல்லும் படி எங்கே? காரணத்துக்கும் முடிவுக்கும் இடையே தொடர்பு காட்டப்பட வேண்டும் என்று அளவை வகுப்பில் கற்ற மாணவன், அவ்வளவைக் கோலையே ஆசிரியரின் வாதத்தின்மீதும் வைத்துப் பார்க்க இயலும். கருவியைக் கொடுத்தவர், அது தம்மையும் அளக்கும் என்பதையும் ஏற்றாக வேண்டும்.

தமிழில் முன்பே இருந்த நெறி

இக்கலை அமெரிக்கரோடு கப்பலேறி வந்தது என்று கருதுதல் தவறு. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தார் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். அங்கே பத்து வகை அளவைகள் பேசப்படுகின்றன. இருபத்தொன்பதாம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் வாதத்தின் உறுப்புகளை விளக்குகின்றார். மலையில் நெருப்புண்டு என்பது கூற்று. புகை தோன்றுவது அதற்கு ஏது. அடுக்களை அதற்கு எடுத்துக்காட்டு. இவ்வளவோடு நில்லாமல், சரியானது போலத் தோன்றித் தவறாய் முடியும் வாதங்களையும் அக்காதை வகைப்படுத்துகின்றது. பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப் போலி பத்து என அவை முப்பத்து மூன்றாம். மெய்யைப் போல வேடமிட்ட பொய்க்குப் ‘போலி’ என்னும் பெயர் எத்துணைப் பொருத்தம்!

மெய்கண்டாரின் சிவஞானபோதமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையிலேயே தன் கருத்தை நிறுவுகின்றது. பூவருக்குப்பின் கலாசாலைத் தலைவராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் இந்நூலையும், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகியவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்பெயர்ப்புகள் 1854இல் அமெரிக்காவில் வெளியாயின. மறுக்க விரும்பும் கொள்கையை முதலில் முற்ற அறிந்துகொள்ள வேண்டும் என்பது நல்வாதத்தின் முதல் விதி. அவ்விதி ஆசிரியரையே சைவ சித்தாந்த நூல்களின்முன் மாணவராக அமரச் செய்தது.

மாணவர் கையில் கருவி

கலாசாலையில் பயின்று ஆசிரியப் பணியும் ஆற்றிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, 1850இல் ‘நியாய இலக்கணம்’ என்னும் நூலை வெளியிட்டார். மேனாட்டு அளவை நூலைத் தமிழில் எடுத்துரைத்த முன்னோடி நூல்களுள் அஃது ஒன்று. நூற்பெயரே சிந்திக்கத் தக்கது. இலக்கணம் ஒருவன் எதைப் பேச வேண்டும் என்று சொல்வதில்லை. பேசியது வழுவற்றதா என்றே பார்க்கின்றது. அளவை நூலும் அத்தகையதே. எண்ணத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதை அப்பெயர் தமிழ் மாணவனுக்கு ஒரே சொற்றொடரில் விளக்கிவிடுகின்றது.

மற்றொருவர் கறோல் விசுவநாதபிள்ளை. 1855இல் ‘வீசகணிதம்’ என்னும் கணித நூலைத் தமிழில் தந்தவர். ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலுக்கு மறுப்பாக, 1857இல் ‘சுப்பிரதீபம்’ எழுதியவரும் இவரே. ஆயினும் பிற்காலத்தில் இவர் சைவத்துக்கே திரும்பினார். இவருடைய மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவ்வாறே சைவரானார். இருவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் ஒருங்கே தேறியவர்கள். ஒரே வகுப்பறையில் கற்றவர் சிலர் கிறித்தவராயினர். சிலர் சைவராகவே இருந்தனர். சிலர் சென்று மீண்டனர். வாதக் கலை இவர்களுள் எவருக்கும் முடிவை எழுதிக் கொடுக்கவில்லை.

தாமோதரம்பிள்ளை அக்கலையை வேறொரு களத்தில் பயன்படுத்தினார். தொல்காப்பியச் சேனாவரையத்தை 1868இலும், வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு, இப்பாடம் ஏன் கொள்ளத் தக்கது, அப்பாடம் ஏன் தள்ளத் தக்கது என்று தீர்மானிக்கும் பணி அது. ஒவ்வொரு பாட வேறுபாடும் ஒரு சிறு வழக்கு, ஏடுகளே சாட்சிகள். இத்திறன் முழுதும் கலாசாலை தந்தது என்றால் மிகையாகும். யாழ்ப்பாணத்துப் பழைய ஏட்டுக் கல்வியும், உரையாசிரியர்கள் காட்டிய தடைவிடை நெறியும் அதற்கு அடிப்படையாம். இரு நெறிகளும் அவரிடம் கூடின என்பதே பொருந்தும்.

மூடப்பட்ட வகுப்பறை

1855இல் கலாசாலை மூடப்பட்டது. அமெரிக்கத் தலைமைச் சங்கத்தின் செயலர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்தபின் அம்முடிவு எடுக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்றவர் சமயப் பணிக்கு வராமல் அரசாங்க வேலைகளுக்கே செல்கின்றனர் என்பது சொல்லப்பட்ட குறை. செலவுக்கேற்ற பயனில்லை என்று அன்று கருதப்பட்ட அக்கல்வியின் பயனையே தமிழுலகம் இன்றளவும் துய்த்து வருகின்றது. 1872இல் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. ஆங்கிலக் கல்வி யாழ்ப்பாணத்தில் தொடர்ந்தது. அதனைப் பெற்ற இளைஞர் மலாயாவுக்குக் கப்பலேறினர். 1966இல் சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை வரைந்த சி. இராஜரத்தினம் பிறந்த ஊரும் வட்டுக்கோட்டையே என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஆசிரியர்க்கு ஒரு பாடம்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகப் புகுமுக மாணவர்க்கென, அறிவின் இயல்பையும் அதனை நிறுவும் முறையையும் ஆராயும் தனிப்பாடம் ஒன்று 2006இல் தொடங்கப்பெற்றது. தமிழ் வகுப்பிலும் அதற்கு இடமுண்டு. மாணவர்க்குப் பட்டிமன்றம் நன்கு பழக்கமானது. அங்கே பேச வேண்டிய கட்சி முன்பே பிரித்துக் கொடுக்கப்படுகின்றது, வெற்றியே நோக்கமாகின்றது. அது சொல்வன்மையை வளர்க்கும். ஆயினும் தன் கட்சியின் ஏதுவில் போலி உண்டா என்று தானே தேடும் பழக்கம் வேறு. அதனை வளர்க்க முப்பத்து மூன்று போலிகளின் பட்டியல் மணிமேகலையிலேயே கிடக்கின்றது.

மாணவன் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்துவிட்டு அவனுக்கு ஆராயக் கற்பித்தல் ஆகாது. அவ்வாறு தீர்மானித்தவர்கள் வட்டுக்கோட்டையில் ஏமாற்றமடைந்தனர். தமிழோ, அவர்கள் எதிர்பாராத செல்வத்தை அடைந்தது.