இந்தியாவில் மோட்டார் சைக்கிள் பராமரிப்பின் வரலாறு

இந்தியாவில் மோட்டார் சைக்கிள் பராமரிப்பு, வண்டிகளின் தொழில்நுட்பத்தோடு சேர்ந்து மாறிவந்த ஒரு நடைமுறை ஆகும். 1950களில் வண்டி வைத்திருந்தவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்யவும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இன்று விற்கப்படும் வண்டிகளில் அத்தகைய வேலைகளில் பலவற்றை மின்னணுச் சாதனங்களே செய்துகொள்கின்றன. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் வெவ்வேறு காலகட்டத்து வண்டிகள் அருகருகே நிற்கின்றன. அங்கே முதன்முறையாக வண்டி வாங்குபவர், அந்த வண்டி உருவான காலத்தின் பராமரிப்பு முறையையும் சேர்த்தே வாங்குகிறார். ஒரு காலத்து வழக்கத்தை இன்னொரு காலத்து வண்டியில் பின்பற்றுவதால் பல என்ஜின்கள் கெட்டுப்போகின்றன.

தொடக்க கால வண்டிகள்

1894இல் ஜெர்மனியில் ஹில்டெபிரான்ட், வுல்ஃப்முல்லர் ஆகியோரின் நிறுவனம் தயாரித்த வண்டியே தொடர் உற்பத்தி செய்யப்பட்ட முதல் மோட்டார் சைக்கிளாகக் கருதப்படுகிறது. அதையடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் வந்த பல வண்டிகளில் என்ஜினுக்குள் எண்ணெய் சுற்றிவரும் அமைப்பு இல்லை. ஓட்டுபவரே கைப்பம்பை அழுத்தி அவ்வப்போது எண்ணெய் செலுத்த வேண்டும். அந்த எண்ணெய் எரிந்தோ ஒழுகியோ தீர்ந்துவிடும். அழுத்த மறந்தால் என்ஜின் இறுகி நின்றுவிடும். எனவே அக்காலத்தில் ஓட்டுவதும் பராமரிப்பதும் ஒரே வேலையாக இருந்தன. எண்ணெய்ப் பம்பு என்ஜினுக்குள்ளேயே அமைந்தபோது அந்தப் பொறுப்பு ஓட்டுபவரின் கையிலிருந்து இயந்திரத்துக்கு மாறியது. எண்ணெயின் அளவைப் பார்ப்பதும், பழையதை வடித்துப் புதியதை ஊற்றுவதும் மட்டும் அவரிடமே நின்றன.

புல்லட்டும் உரிமையாளரின் கைவேலையும்

1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 350 சிசி புல்லட் தயாரானது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி 1970இல் முடிவுக்கு வந்த பிறகும், அதே அடிப்படை வடிவம் கொண்ட வண்டி சென்னையில் தொடர்ந்து உருவானது. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த என்ஜின் 2000களின் இறுதிவரை நீடித்தது. ஒரு பத்தாண்டின் வண்டிக்கு இன்னொரு பத்தாண்டின் உதிரிபாகம் பல இடங்களில் பொருந்தியதற்கும், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் புல்லட் பாகங்கள் எளிதாகக் கிடைத்ததற்கும் இந்தத் தொடர்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் புல்லட்டில் எண்ணெய் மூன்று தனித்தனி இடங்களில் இருந்தது. என்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் இருக்கும் முதன்மைச் செயின் பெட்டிக்கு ஒன்று. என்ஜின் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் மறப்பது புதிதாக வாங்கியவர்கள் செய்யும் தவறாக இருந்தது.

பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானித்தது பாயின்ட் எனப்படும் சிறிய உலோக இணைப்பு. அது ஒவ்வொரு சுழற்சியிலும் திறந்து மூடும். அதன் முழுத்திறப்பு சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பாயின்டைத் தள்ளும் சிறு கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மெல்லிய தகடு போன்ற அளவுகோலை நுழைத்து அதைச் சரிசெய்வது பல உரிமையாளர்களுக்குக் கைவந்த வேலையாக இருந்தது. வால்வை இயக்கும் டேப்பெட் சரிசெய்தலும் அப்படியே. என்ஜின் ஆறியிருக்கும்போது, தள்ளுகம்பி விரலால் சுழலவேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இதைச் சோதிக்க அளவுகோல்கூடத் தேவைப்படவில்லை.

கிக்கர் உதைப்பதற்கும் முறை இருந்தது. ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே நகர்த்தி, பிறகு முழுதாக உதைக்க வேண்டும். முறை தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். இத்தகைய செய்திகள் வண்டியை விற்றவரிடமிருந்தோ பட்டறை மெக்கானிக்கிடமிருந்தோ வாய்வழியாகவே வாங்கியவருக்குச் சென்றன.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம்

1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனமும், வட இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் வண்டியும் வந்தன. ஜாவாவின் தொடர்ச்சியாக 1973 முதல் யெஸ்டி வெளியானது. இவை டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள். பிஸ்டனின் ஒவ்வொரு மேல்கீழ்ச் சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் எரியும். வால்வும் டேப்பெட்டும் இல்லாததால் வேலை குறைந்தது. ஆனால் வேறொரு பொறுப்பு வந்தது. என்ஜினுக்கான எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லிலிட்டர் எண்ணெய். பெட்ரோல் நிலையத்தில் எண்ணெயை அளந்து ஊற்றியபின் வண்டியை இடமும் வலமும் ஆட்டிக் கலக்குவது அன்றாடக் காட்சியாக இருந்தது.

எண்ணெய் கூடினால் புகை வரும். பிளக் கரிபிடித்து நிற்கும். குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். கூடுதலாக ஒரு பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் வண்டியில் எப்போதும் இருந்தன. எரிந்த எண்ணெய் புகைபோக்கியில் கரியாகப் படிந்ததால், சைலன்சரின் உட்குழாயைக் கழற்றிக் கரி நீக்குவதும் வழக்கமான வேலையாயிற்று. 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளில் எண்ணெய்க்குத் தனித்தொட்டியும் பம்பும் அமைந்தன. கலக்கும் வேலை போயிற்று. தொட்டி காலியாகாமல் பார்க்கும் வேலை வந்தது.

இந்தக் காலகட்டம் ஓட்டுநர்களின் மனத்தில் ஒரு வழக்கத்தைப் பதியவைத்தது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் வடித்து மாற்றவேண்டிய என்ஜின் எண்ணெய் கிடையாது. கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டுமே உண்டு. எண்ணெய் மாற்றுவது அவசரமில்லாத வேலை என்ற எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது.

ஃபோர் ஸ்ட்ரோக் மாற்றம்

1980களின் நடுவில் அரசு தொழிற்கொள்கையைத் தளர்த்தியதை அடுத்து ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டில் வண்டிகள் வந்தன. அவற்றுள் 1985இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஒரு திருப்புமுனை. 97.2 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் கொண்ட அது குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடியது. பெட்ரோலை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்ற பொருளில் அமைந்த அதன் விளம்பரம் புகழ்பெற்றது. பெட்ரோல் செலவைப் பற்றிய அந்த வாக்கியத்தைப் பராமரிப்புக்கும் சேர்த்துப் பொருள்கொண்டவர்கள் உண்டு.

உண்மையில் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய்தான் உயிர்நாடி. 100 சிசி வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லிட்டரே கொள்ளும் அந்த எண்ணெய், என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் பொதுவானது. அதில் பாதி குறைந்தாலும் வண்டி அதே சத்தத்தோடு ஓடும். சேதம் வெளியே தெரிவதற்குள் உள்பாகங்கள் தேய்ந்திருக்கும். டூ ஸ்ட்ரோக் பழக்கத்தில் எண்ணெயை மறந்தவர்களுக்கு இது பெருஞ்செலவை வைத்தது. கிளட்சும் அதே எண்ணெயில் நனைவதால் கார் எண்ணெயை ஊற்றக்கூடாது. அதில் உள்ள வழுக்குப் பொருள்கள் சில வண்டிகளில் கிளட்சை நழுவச் செய்யும். மோட்டார் சைக்கிள் எண்ணெய்க் குப்பிகளில் காணப்படும் ஜாசோ எம்.ஏ. என்ற குறியீடு இந்தக் காரணத்துக்காகவே வந்தது.

புகையைப் பார்க்கும் முறையும் மாறியது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் சிறிது புகை இயல்பு. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால், பிஸ்டன் வளையமோ வால்வுப் பகுதியோ தேய்ந்து எண்ணெய் எரிகிறது என்று பொருள். டேப்பெட் பற்றிய நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியிருந்தது. லேசான டேப்பெட் சத்தம் ஆபத்தில்லை. சத்தமே வரக்கூடாதென்று இடைவெளியை மிகக் குறைத்தால், வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும்.

மாசு விதிகளும் மின்னணுச் சாதனங்களும்

இந்தியாவில் வாகனப் புகைக்கான வரம்புகள் 1991 முதல் நடைமுறைக்கு வந்தன. 1996, 2000 ஆகிய ஆண்டுகளில் அவை கடுமையானபோது டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் படிப்படியாக மறைந்தன. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4 விதியும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதியும் நாடு முழுவதும் செயல்பட்டன. பி.எஸ். 6 விதிக்குப் பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக்கும், அதற்குக் கீழ் இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கும் கட்டாயமாயின.

கார்புரேட்டர் வண்டியை நெடுநாள் நிறுத்திவைத்தால் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவு நுண்துளையை அடைக்கும். அதைக் கழற்றித் துடைத்தால் சரியாகும். எரிபொருள் செலுத்தும் முறையில் அந்தத் துடைப்பு வேலை அநேகமாக இல்லை. பதிலுக்கு பேட்டரி பலவீனமானால் வண்டி உயிர்பெறாது. பல வண்டிகளில் கிக்கரும் இல்லை. தொட்டிக்குள் இருக்கும் பம்பு பெட்ரோலாலேயே குளிர்வதால், எப்போதும் ரிசர்வில் ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும். கோளாறைக் காட்ட என்ஜின் எச்சரிக்கை விளக்கு உண்டு. சாவி திருப்பியதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பழைய வண்டியில் அந்த விளக்கு எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கலாம்.

எல்லாக் காலத்துக்கும் பொதுவான வேலைகள்

இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் சில வேலைகள் உரிமையாளரை விட்டு நீங்கவில்லை.

எண்ணெய்: பழைய வண்டியில் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதை விற்பவரின் சொல்லால் மட்டும் உறுதிசெய்ய முடியாது. வாங்கியதும் மாற்றிவிட்டு, அன்றைய கிலோமீட்டரைக் குறித்துவைப்பதே அடுத்த கணக்குக்குத் தொடக்கம். எந்த எண்ணெய், எவ்வளவு என்பதை அந்த வண்டியின் கையேடு சொல்லும்.

செயின்: தளர்ச்சி பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். பல 100 சிசி வண்டிகளில் செயின் முழு உறைக்குள் இருப்பதால் மறந்துபோகிறது. உறையில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து பார்க்கலாம். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினோடு இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். என்ஜின் ஓடும்போது செயினைத் துடைப்பது விரலைப் பறிக்கும்.

பிரேக்: டிரம் பிரேக்கில் பட்டை தேய்ந்ததைக் காட்டும் அம்புக்குறி பல வண்டிகளில் உண்டு. டிஸ்க் பிரேக்கின் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால், சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. பழைய வண்டியில் என்ஜினுக்கு முன்னதாகக் கவனிக்க வேண்டியது பிரேக்கே. என்ஜின் நின்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். பிரேக் பிடிக்காவிட்டால் அந்த வாய்ப்பும் கிடைக்காது.

டயர்: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் டயர் பழையதே. காற்றழுத்தத்தை ஓட்டத் தொடங்குமுன், டயர் சூடேறாத நிலையில் பார்க்க வேண்டும்.

பிளக், காற்று வடிகட்டி: பிளக்கின் நிறம் என்ஜினின் உள்நிலையைக் காட்டுகிறது. இளம்பழுப்பு நல்லது, உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், எண்ணெய்ப் பிசுக்கு உள்தேய்மானத்தையும் காட்டும். தூசி அடைத்த வடிகட்டி பெட்ரோல் செலவையும் புகையையும் கூட்டும்.

வாங்கும்போது என்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் அவசியம். முன்கூட்டியே சூடேற்றி வைத்த என்ஜினில் ஸ்டார்ட் கோளாறு தெரியாது.

நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த மாற்றத்தில் கைப்பம்பு, பாயின்ட், எண்ணெய்க் கலவை, கார்புரேட்டர் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுநரின் பொறுப்பிலிருந்து விலகின. எண்ணெய், செயின், பிரேக், டயர் ஆகியவை விலகவில்லை. மாணவர்களும் புதிதாக வேலைக்குச் செல்பவர்களும் தங்கள் முதல் வண்டியைப் பெரும்பாலும் பழைய வண்டியாகவே வாங்குகின்றனர். அது எந்தக் காலத்து வண்டி என்று அறிந்து அதற்குரிய வேலையைச் செய்வதே, அவர்களின் பணத்தையும் உயிரையும் காக்கும் முதல் பராமரிப்பு ஆகும்.