பள்ளி இருந்த ஊர்

இன்று கடலூர்த் திருப்பாதிரிப்புலியூருக்கு வருகிறவர்கள் பாடலீஸ்வரரைத் தேடி வருகிறார்கள். ஒரு காலத்தில் சமணப் பள்ளியைத் தேடி வந்தார்கள். கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' நூலைப் படியெடுத்த பாடலிகா இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்பர் தருமசேனராகத் தலைமை வகித்ததும் பாடலிப் பள்ளியில்தான் என்கிறது பெரியபுராணம்.

சமணத்தில் தீர்த்தம் என்பது கடந்து கரையேறும் துறை. அங்கே வரம் தரும் கடவுள் இல்லை. பற்றறுத்து ஒருவர் கடந்துபோன இடத்தில் நின்று, நம்மாலும் முடியும் என்று உணர்வதே யாத்திரை. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு அப்படியோர் இடத்தைக் காட்டுகிறது.

பாடலிப் பள்ளி என்னவாயிற்று? பல்லவ மன்னன் அதை இடித்து, அந்தக் கல்லால் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணமே சொல்கிறது. அதே நூல்தான் நந்தனைத் தீயில் மூழ்கவைத்த பிறகே தில்லைக் கோயிலுக்குள் விடுகிறது. இரண்டும் அங்கே பக்தியின் வெற்றிகள். நாம் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

சமணக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. மண்ணைக் கிளறுவதிலும் உயிர்க்கொலை கண்ட அறம், சேற்றில் நின்று உழைத்தவர்களை எங்கே வைத்தது என்றும் கேட்போம். ஆனால் சமணர் உறைவிடத்தின் பெயரான 'பள்ளி'யை இன்று நாம் கல்விக்கூடத்துக்குச் சொல்கிறோம். நந்தனுக்கு வாசல் மறுத்த சிதம்பரத்தில், 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் திறந்ததும் ஒரு பள்ளிதான். நம் யாத்திரை அந்த வாசலுக்குப் போகட்டும்.